ஜீப்பு கத்தியதற்கு என் வாயை மோந்து பார்த்தார்கள்

எழுபதுகளின் கடைசியில், ஏலக்காய் எடுக்கும் பருவத்தில், போடிக்கு மேற்கே குரங்கணிக்கு மேலுள்ள எஸ்டேட் பாதையில் நடந்தது இது. அப்போது நான் போடியில் ஒரு முதலாளியிடம் ஜீப் டிரைவராக இருந்தேன். காலையில் சிலமலையிலிருந்து காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவதும், சாயங்காலம் அவர்களையும் பச்சைக்காய் மூட்டைகளையும் இறக்கிக்கொண்டு வருவதும்தான் என் வேலை.

அந்தக் காலத்து ஜீப்பில் ஏற்றுவதற்குக் கணக்கெல்லாம் கிடையாது. உள்ளே இடம் தீர்ந்தால் பின்கதவில் நிற்பார்கள். அதுவும் தீர்ந்தால் கடைசியாக வருகிறவர் முன்னால் எஞ்சினை மூடும் பானட்டில் ஏறிக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் வண்டியில் அந்த இடம் பெரும்பாலும் ஒரே பெண்ணுக்குத்தான். மாட்டைக் கறந்து பாலை ஊற்றிவிட்டு ஓடி வருவதால் எப்போதும் அவர்தான் கடைசி. நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல். "மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி முன்னாடி உக்காந்து போறேன், உங்களுக்கெல்லாம் பொறாமைடி" என்று உள்ளே இருப்பவர்களை வம்புக்கு இழுத்துக்கொண்டே வருவார். எனக்குப் பெண்களிடம் பேசவே கூச்சம். முதலாளியிடம் பேச அதைவிடக் கூச்சம். ரோட்டைப் பார்த்து ஓட்டுவேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை மழை பெய்து விட்டிருந்தது. பாதை வழுக்கலாக இருந்தது. இடது பக்கம் பள்ளம், எதிரே வலது பக்கமாகத் திரும்பும் ஏற்றம். முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவு பாதியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி அடங்க வேண்டும் அல்லவா? அடங்கவில்லை. ஓவென்று கத்திக்கொண்டு முன்னால் பாய்ந்தது. மிதியில் என் கால் இல்லை. ஆனாலும் யாரோ முழுக்க அழுத்தியது போல எஞ்சின் அலறியது. கிளட்ச்சை மிதித்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி எப்படியோ நிறுத்திவிட்டேன். முன் சக்கரம் பாதையின் ஓரத்து மண்ணைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. பின்கதவில் நின்றிருந்த ஒருத்தியின் தூக்குச்சட்டி கையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் உருண்டு போனது. அது எங்கெங்கோ மோதும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பானட்டில் இருந்த அந்தப் பெண்ணின் கால்களுக்கு அடியில் பள்ளம்தான் இருந்தது.

இறங்கி பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் இருந்தது, கம்பி இருந்தது, கையால் இழுத்துவிட்டால் ஒழுங்காகத் திரும்பி வந்தது. மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது.

சாயங்காலம் முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். ஒர்க்‌ஷாப் மேஸ்திரி போடியில் பேர் பெற்றவர். கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு தான் மட்டும் ஏறி, காலி வண்டியைச் சமதரை ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "குதிரை மாதிரி ஓடுது, கொண்டுட்டுப் போ" என்றார்.

இரண்டு மூன்று நாளில் மறுபடியும் அதே பாதையில் வண்டி பாய்ந்தது. மறுபடியும் ஒர்க்‌ஷாப். இந்த முறை இன்னும் கெட்டியான ஸ்பிரிங். மறுபடியும் காலி வண்டியில் சமதரையில் ஒரு சுற்று. "ஏத்தத்துல லோடோட போறப்பதான் மேஸ்திரி கத்துது" என்று சொல்லிப் பார்த்தேன். "வண்டிக்கு ஏத்தம் எறக்கம் தெரியுமாய்யா? கார்பரேட்டருக்குக் கண்ணா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை வண்டி பாய்ந்தபோது மலைச்சரிவில் இடித்து நின்றதால் தப்பித்தோம். மட்கார்டு நசுங்கியது. அன்றைக்கு மேஸ்திரி முதலாளியிடம் சொன்ன வார்த்தை இது: "வண்டியில ஒண்ணுமில்லைங்க. டிரைவரைப் பாருங்க."

அன்று சாயங்காலம் போடியில் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் நின்றிருந்தார்கள். முதலாளி வெளியே வந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஊது" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"வாயைத் தொறந்து ஊதுடா."

பீடி கூடத் தொடாதவன் நான். சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஊதினேன். முதலாளி தன் முகத்தை என் பக்கம் கொண்டுவர விரும்பாமல் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ பாரு" என்றார். கணக்குப்பிள்ளை வந்து என் முகத்துக்கு நேராக மூக்கை வைத்து மோந்து பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. பிறகு நிமிர்ந்து சொன்னார்:

"இன்னைக்கு வாடை இல்லீங்க."

இன்றைக்கு இல்லை! அப்படியென்றால் நேற்று இருந்தது என்றுதானே பொருள்? நாளைக்கு இருக்கும் என்றுதானே பொருள்? அடித்திருந்தால்கூட நான் மறந்திருப்பேன். அந்த 'இன்னைக்கு' என்ற சொல்லை என்னால் மறக்க முடியவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பேசியது அந்த பானட் பெண்தான்.

"மொதலாளி, அவரு வாயை மோந்து பாத்து என்ன ஆகப்போகுது? வண்டிய மோந்து பாருங்க. நான்ல அது மேல உக்காந்து போறேன். அது கத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எனக்கு அடியில டொக்குன்னு ஒருத்தன் முட்டுறான். அவன் முட்டுனதுக்கு அப்புறந்தான் வண்டி கத்துது."

மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "எவன்டி அவன், எங்களுக்கும் காட்டுடி" என்று ஒருத்தி கேட்டாள். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எஞ்சினுக்கு வைத்தியம் சொல்ல பொம்பளையாளு கெளம்பிட்டாளா? மேஸ்திரிய நிறுத்திட்டு ஒன்னையக் கொண்டுபோயி ஒர்க்‌ஷாப்புல உக்கார வைக்கிறேன், இரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னொரு தடவை வண்டி எங்கயாச்சும் இடிச்சுச்சு, சாவியக் குடுத்துட்டுப் போயிரு" என்றார்.

இடிப்பதோடு போகுமா? அந்தப் பள்ளத்தில் விழுந்தால் சாவியைக் கொடுக்க நான் வர மாட்டேன். அந்தப் பெண்களும் வர மாட்டார்கள். இது ஏன் அவருக்குத் தோன்றவில்லை என்று அன்று இரவெல்லாம் எனக்குக் கோபம். கோபத்துக்கு நடுவில் அந்தப் பெண் சொன்னது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முட்டுகிறது என்றால் எது முட்டுகிறது? பானட்டுக்கு நேர் கீழே இருப்பது எஞ்சினின் தலையில் உட்கார்ந்திருக்கும் காற்றுவடிகட்டிச் சட்டி. அது பானட்டில் முட்ட வேண்டுமென்றால் எஞ்சினே எழும்ப வேண்டும். எஞ்சின் எப்படி எழும்பும்?

மறுநாள் காலை குரங்கணி வந்ததும், ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். எல்லோரையும் இறங்கச் சொன்னேன். கூட வந்த கங்காணிக்குக் கோபம்.

"என்னய்யா நீ, சோலி கெடுது. வெரசா ஏத்து."

"நீ பானட்டுல ஏறு கங்காணி" என்றார் அந்தப் பெண். "நான் உள்ள உக்காந்துக்கிறேன். அப்ப வெரசாப் போவோம்."

கங்காணி இறங்கி ஓரமாக நின்றுகொண்டார்.

நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பெரிய பெரிய கல்லாகப் பொறுக்கி அண்டை கொடுக்கச் சொன்னேன். பெண்கள் கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து வைத்தார்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது என்று சொல்லி, பானட்டைத் திறந்து கட்டிவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் இடது பக்கம் தள்ளி நின்று எஞ்சினைப் பார்க்கச் சொன்னேன். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரைப் போட்டு, மெல்ல ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளட்ச்சை விட்டேன். வண்டி கல்லை முட்டித் திணறியது. கொஞ்சம் கூட்டினேன்.

"தூக்குது!" என்று கத்தினார் அவர். "அண்ணே, தூக்குது! படுத்த மாடு எந்திரிக்கிற மாதிரி ஒரு பக்கமா எந்திரிக்குது!"

அதே நேரம் எஞ்சின் ஓவென்று அலறியது. நான் காலை எடுத்துவிட்டேன். அலறல் நிற்கவில்லை. கிளட்ச்சை மிதித்ததும் எஞ்சின் தொப்பென்று விழுந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. சத்தமும் அடங்கியது.

அவ்வளவுதான் விஷயம். எஞ்சினைச் சட்டத்தின் மேல் உட்கார வைக்கும் ரப்பர் ஒன்று இருக்கிறது. பவுண்டேசன் ரப்பர் என்போம். இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவில் ரப்பரை உருக்கி ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் கீழே அமுங்கினாலும் தாங்கும், மேலே எழும்பப் பார்த்தாலும் விடாது. இடது பக்கத்து ரப்பர் போயிருந்தது. லோடு ஏற்றி ஏற்றத்தில் இழுக்கும்போது எஞ்சின் முறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் எழும்பியது. ஆக்சிலேட்டர் மிதி இருப்பது வண்டியின் தரையில். கார்பரேட்டர் இருப்பது எஞ்சினில். இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கம்பி. எஞ்சின் எழும்பினால் அந்தக் கம்பி தானாகவே கார்பரேட்டரை இழுத்துத் திறந்துவிடும். திறந்தால் எஞ்சின் இன்னும் முறுக்கும், இன்னும் எழும்பும், இன்னும் திறக்கும். என் கால் அதில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வண்டி நின்றதும் எஞ்சின் பழையபடி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பானட்டைத் திறந்து பார்க்கும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காலி வண்டியைச் சமதரையில் ஓட்டினால் எப்படித் தெரியும்?

குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். ரப்பர் பிய்ந்து போயிருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அங்கே ரப்பரே இல்லை. பழைய லாரி டயரை வெட்டி எடுத்த ஒரு துண்டு இருந்தது. டயரின் வரிப்பூ கூட அழியாமல் இருந்தது. அதன் நடுவில் ஓட்டை போட்டு போல்ட்டு முடுக்கியிருந்தார்கள். போல்ட்டு டயரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. இதெல்லாம் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்பு எஞ்சின் வேலைக்கு வண்டி எந்த ஒர்க்‌ஷாப்பில் நின்றதோ, அதே ஒர்க்‌ஷாப்பின் கைவேலை. மூன்று தடவை வண்டியைப் பார்த்து, மூன்று தடவையும் "ஒண்ணுமில்லை" என்று சொன்ன அதே மேஸ்திரி.

அந்தத் துண்டைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் துண்டு டயரு மேலயா இத்தனை நாளு நான் உக்காந்து வந்தேன்?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பின்கதவுச் சங்கிலியைக் கழற்றி, எஞ்சினைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மலைக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி, பெண்களை ஏற்றிக்கொண்டு மெல்ல ஓட்டி நேராகப் போடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வண்டி மலைக்குப் போகாமல் திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டு முதலாளியும் வந்துவிட்டார்.

டயர்த் துண்டைக் கழற்றிக் கீழே போட்டேன். மேஸ்திரி அதைப் பார்த்து வெட்கப்படவில்லை.

"நல்ல ரப்பரு மதுரையிலருந்துல வரணும்? காய் எடுக்கிற நேரத்துல வண்டி நிக்கக் கூடாதுன்னு மொதலாளிதான் சொன்னாரு. இருக்கிறதை வச்சுப் போட்டேன். ஊருக்குள்ள பாதி வண்டி இப்படித்தான் ஓடுது."

"எப்படியாச்சும் ஓட்டிவிடுன்னேன். டயரை வெட்டி வைன்னா சொன்னேன்?" என்றார் முதலாளி.

"நீங்க கேட்கலை, நான் சொல்லலை."

இப்படி இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழியைப் போட்டுக்கொண்டே போனார்கள். நான் நடுவில்தான் நின்றேன். இரண்டு பேரில் ஒருவர் கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் வண்டியிலிருந்தபடியே, "மொதலாளி, மேஸ்திரியவும் ஊதச் சொல்லுங்க" என்றார். முதலாளி காதில் விழாதவர் போல நின்றார்.

மறுநாள் மதுரையிலிருந்து பஸ்ஸில் ரப்பர் வந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டார்கள். கெட்டி ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையபடி அளவான ஸ்பிரிங் மாட்டி, காலை எடுத்தால் கார்பரேட்டர் முழுக்க மூடும்படி கம்பியின் நீளத்தைத் திருத்தினார்கள். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, எடுத்துட்டுப் போ" என்றார்.

"கல்லு வச்சு, இழுக்க விட்டுப் பாத்துட்டு எடுக்கிறேன் மேஸ்திரி" என்றேன்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் முணுமுணுத்தார். ஆனாலும் கல்லை வைத்தார்கள். எஞ்சின் அசையவில்லை. அதன் பிறகு நான் அந்த வண்டியை விடும்வரை அது ஒரு தடவையும் தானாகக் கத்தவில்லை.

முதலாளி எனக்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். 'தப்பா நெனச்சுட்டேன்' என்று தனியாகச் சொல்லியிருந்தாலே போதும். "சரி சரி, காயி கெடக்கு, மலைக்கு ஓட்டு" என்றார். அவ்வளவுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

சில மாதம் கழித்து டீக்கடையில் ஒருவர் என் தோளைத் தட்டி, "விட்டுட்டீங்களாமேண்ணே. நல்லதுண்ணே. ஒடம்புக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது" என்றார். எதை விட்டேன் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். நான் பின்னால் இருப்பது அவருக்குத் தெரியாது.

"தெனமும் வண்டிய இடிச்சுக்கிட்டுக் கெடந்தான். ஒரு நாளு எல்லார் முன்னாடியும் ஊதச் சொன்னேன் பாருங்க. அன்னையிலருந்து தொடறதில்லை. வண்டியும் ஒழுங்கா ஓடுது."

பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். மாதக் கடைசியில் சாவியைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்டார். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது போய்ப் பல வருடம் ஆனது. சென்ற வருடம் என் மூத்த மகளைப் பெண் கேட்டுத் தேவாரத்திலிருந்து வந்தார்கள். நல்ல குடும்பம். பேசி முடித்து, வெற்றிலை பாக்கு எடுக்கும் நேரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தனியாக அழைத்தார். "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. போடியில விசாரிச்சோம். முன்னாடி உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சாமே. இப்ப விட்டுட்டீங்கன்னும் சொன்னாங்க. அதை நாங்க பெருசா எடுத்துக்கலை" என்று அன்பாகத்தான் சொன்னார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து, "அவரு எப்பங்க குடிச்சாரு?" என்று கேட்டுவிட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். பெண்டாட்டி விட்டுக்கொடுக்க மாட்டாள்தானே என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செய்யாத தப்புக்கு எனக்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது.

மதுரையிலிருந்து ரப்பர் வந்து ஒரு மத்தியானத்தில் வண்டி சரியானது. என் பெயரில் ஒட்டியதைக் கழற்ற எந்த ஒர்க்‌ஷாப்பும் இல்லை. டயர்த் துண்டைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் போடியில் இருக்கிறார்கள். அதைப் பற்றி ஊருக்குள் ஒருவரும் பேசவில்லை. கணக்குப்பிள்ளை சொன்ன 'இன்னைக்கு' மட்டும் தேவாரம் வரைக்கும் போயிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் பேசக் கூச்சம்தான், ஆனால் யாராவது என்னிடம் வந்து "அவன் குடிப்பானாம்", "அவன் திருடுவானாம்" என்று சொன்னால், எதிரே நிற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.